வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மஸ்ஜித் நெகாரா வாசலில் நிற்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. செருப்பைக் கழற்றுங்கள், அரைக்கால் சட்டையில் வராதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கோயில் வாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர நான் யார்? இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும், அவர்களை நம்பி வரும் குடும்பங்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

நேரத்தை ஊர்க்கணக்கில் போடுவது

மஸ்ஜித் நெகாரா 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல். விரித்த குடை போல நீலக் கூரை, மடக்கிய குடை போல 73 மீட்டர் மினாரா, 15,000 பேர் தொழ இடம். ஐந்து வேளையும் அங்கே தொழுகை நடக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குக் கிடைப்பது இடையில் மிஞ்சும் நேரம்தான். வழக்கமாகக் காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 3 முதல் 4 வரை, மாலை 5.30 முதல் 6.30 வரை. வெள்ளிக்கிழமைகளில் காலை வேளை கிடையாது.

இதைப் படித்துவிட்டும் தவறு செய்கிறார்கள். காரணம் கடிகாரம். 1982 பிறந்தபோது கிழக்கு மலேசியாவோடு ஒத்துப்போவதற்காகத் கோலாலம்பூர் இருக்கும் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஊரில் ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகை, முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் இங்கே கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பயண நிறுவனம் ஒன்று அச்சடித்துக் கொடுத்திருந்த நிரலில் வெள்ளிக்கிழமை காலை பத்துமலை, பகல் ஒரு மணிக்கு மஸ்ஜித் நெகாரா, பிறகு விமான நிலையம். 272 படி ஏறி இறங்கிய வியர்வையோடு வந்து சேர்ந்தோம். சாலையோரம் வண்டிகள் இரட்டை வரிசையில் நின்றன. வேனை நிறுத்தவும் இடமில்லை, திருப்பவும் வழியில்லை. தொழுகை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலக ஆட்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வாருங்கள் என்று காவலர் பணிவாகத்தான் சொன்னார். அந்நேரம் இவர்கள் விமான நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வேனுக்குள் இருந்தபடியே கூரையை எட்டிப் பார்த்த பாட்டி, "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். நிரல் போட்டவர் வியாழனையும் வெள்ளியையும் இடம் மாற்றியிருந்தால் போதும். ஒரு செலவும் இல்லாத வேலை. இன்றைக்கும் அதே நிரலோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

தொழுகை நேரங்களை ஜாக்கிம் என்னும் மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை வெளியிடுகிறது. போகும் நாளுக்கு உரியதைப் பாருங்கள். பிற்பகல் வேளை ஒரு மணி நேரம்தான் என்பதால் 3.50க்குப் போய் இறங்காதீர்கள். பார்வையாளருக்குத் தரும் அங்கியை வாங்கவே வரிசை இருக்கும். தவறிவிட்டால் வாசலில் காய வேண்டாம். நடக்கும் தொலைவில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. புகழ்பெற்ற பள்ளிவாசல்களின் மாதிரிகளை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

அங்கியை வேஷமாக்குவது

பார்வையாளருக்கு ஊதா அங்கி தருகிறார்கள், காசு கிடையாது. அதை மாட்டிக்கொண்டு சுழன்று சுழன்று காணொளி எடுப்பவர்களை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புடவை கட்டிய பெண்கள் அங்கிக்குள் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். படியில் கால் தடுக்குவது இங்கே வாடிக்கை.

தொழுகைக்கூடத்துக்குள் போகப் பார்ப்பது

முஸ்லிம் அல்லாதவர்கள் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். கெஞ்ச வேண்டாம்.

தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்பது

இதே ஊரில்தான் தமிழ் முஸ்லிம்கள் தொழும் மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு பிணைந்தது. தொழ வந்த ஒருவரின் தாடியைப் பற்றி என் விருந்தினர் ஒருவர் சத்தமாகக் கருத்துச் சொன்னார். "மெதுவாகப் பேசுங்கள் அண்ணே, ஓதிக்கொண்டிருக்கிறார்கள்" என்று அந்தத் தாடிக்காரரே நல்ல தமிழில் பதில் சொன்னார்.

தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடப்பது

சுற்றிப் போங்கள்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது

வெள்ளிக்கிழமை பகலில் நாசி கண்டார் (தமிழ் முஸ்லிம்களின் சோறு-குழம்பு) கடைக்காரர்களில் பலரும் ஜும்ஆவுக்குப் போய்விடுவார்கள். பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.