கதிரையால் எழும்பக் கஷ்டப்படுகிற முதியவருக்கு

தொடைப் பலம் திரும்ப நடை மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேணும். அதுக்கு ஒரு கதிரை காணும். பிளாஸ்டிக் கதிரை சீமெந்து நிலத்தில் வழுக்கும், மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இருக்கை உயரம் குறைவென்றால் இறுக்கி மடித்த போர்வை ஒன்று போடலாம். சாறம் காலில் தடக்காமல் உயர்த்திக் கட்டவேணும்.

பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை முன்னுக்குச் சாய்த்து எழும்பட்டும். நிமிர்ந்தபடியே எழும்பப் பார்த்துத்தான் பலர் பின்னுக்கு விழுகிறார்கள். கதிரையில் திரும்ப இருக்கும்போதுதான் உண்மையான வேலை: மூன்று எண்ணும் மட்டும் மெதுவாக இறங்கவேணும், தொப்பென்று விழக்கூடாது. மூச்சை அடக்கினால் பிறசர் ஏறும். 8 தரம், 2 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தரம் லேசானால் போர்வையை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்தபடி எழும்பட்டும்.

வெறும் சோறும் சொதியும் தசையைக் கட்டாது. 50 கிலோ உடம்புக்கு நாளுக்கு 50–60 கிராம் புரதம் தேவை: முட்டையில் 6, 100 கிராம் குளத்து மீனில் ஏறத்தாழ 20. காலையில் அவித்த பயறோ கௌபியோ சேருங்கள். சிறுநீரக வருத்தக்காரர் (வவுனியாப் பக்கம் இது குறைவில்லை) கிளினிக்கில் கேட்காமல் புரதத்தைக் கூட்டவேண்டாம். நெஞ்சுநோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள்.