பிள்ளை மூச்சிழுக்கும் காற்றை அளக்க

காற்றில் தூசு எவ்வளவு என்று செல்போனில் பார்க்கலாம். ஆனால் அது எங்கோ மாடியில் நிற்கும் கருவி சொல்லும் கணக்கு. கடலூர் முதுநகரில் அஞ்சாவது படிக்கும் என் அக்கா மகள் எதைச் சுவாசிக்கிறாள் என்று தெரிய, கருவி அவளோடு போக வேண்டும்.

பிஎம் 2.5 என்கிற, 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத நுண்தூசை லேசரால் அளக்கும் கையடக்கக் கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து சேமித்துவைப்பதாக வாங்குங்கள். மூக்கிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும். நாங்கள் புத்தகப்பையின் தோள்வாரில் கட்டினோம். இரட்டைச் சடை ரிப்பன் வந்து காற்றுத்துளையை மூடியதால், கொஞ்சம் முன்பக்கமாக நகர்த்தினோம். வகுப்பில் பையைத் தரையில் போடாமல் பெஞ்சு மேலே வைக்கச் சொல்லுங்கள். இரவில் தலையணை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போதும். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா என்று நினைப்பார்கள். ஜிபிஎஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிள்ளை போகிற வழி யாருக்கும் தெரிய வேண்டாம். அவளுக்கு இஷ்டமில்லாத அன்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

என்னைக் கேட்டால், கருவியைவிட நோட்டுதான் முக்கியம். அதைப் பிள்ளையே எழுதட்டும். "7.10 அம்மா மிளகாய் தாளிச்சாங்க, இருமல். 8.45 கிளாஸ் பெருக்கினோம். ராத்திரி 9 கொசுவத்தி." எண் எகிறிய நேரத்தை இதோடு ஒட்டிப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். பஸ் ஸ்டாண்டில் சட்டென்று ஏறுவது சீக்கிரமே இறங்கிவிடும். ஜன்னல் சாத்திய அறையில் கொசுவத்தி விடியும்வரை புகையும். வத்தி இல்லாமல் வலை கட்டிய ஓர் இரவையும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஒரு நிமிட உச்சத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். நம் நாட்டு வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் 24 மணி நேரச் சராசரி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. எட்டு மணி நேரம் 80-உம் மீதி பதினாறு மணி நேரம் 30-உம் என்றால், 640-உம் 480-உம் கூட்டி 24-ஆல் வகுக்க, ஏறக்குறைய 47. நம் வரம்புக்குள்தான், ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் போல மூன்று மடங்கு.

மார்கழி விடியற்காலையில் இந்தக் கருவிகளை அப்படியே நம்ப முடியாது. ஈரம் குடித்து ஊதிய துகளைப் பெரிய தூசாக எண்ணிவிடும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நேரங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தக் கருவிக்கு வாயு தெரியாது. அழுகின முட்டை நாற்றம் குடலைப் புரட்டும்போதும் எண் 20-இல் நிற்கலாம். அதைக் காட்டி "காற்று சுத்தம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாற்றம் எப்போது வந்தது, என்ன மாதிரி, கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று அதே நோட்டில் எழுதுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.