டர்ன்டேபிளுக்கு ஏற்ற சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப்: என் அனுபவம்

இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபயரில் மாட்டியதும் பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. வால்யூமை முழுதாக ஏற்றினாலும் பேஸே இல்லை. தட்டின் பள்ளத்தை ஊசியால் படிக்கும் எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை ஏறக்குறைய 100 மடங்கு, அதாவது 40 டெசிபல், உயர்த்த வேண்டும். கூடவே, தட்டில் குறைத்துப் பதிந்திருக்கும் பேஸை ஆர்ஐஏஏ என்ற பொதுவான ஒலிப்பதிவு முறைப்படி மீட்கவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்வதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப்.

இன்னும் குறைந்த வோல்டேஜ் தரும் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கான வசதி எனக்குத் தேவையில்லை. 40 டெசிபல் கெயினும் (பெருக்கமும்) 47 கிலோஓம் இன்புட் மின்தடையும் உள்ள எளிய எம்எம் ப்ரீஆம்பையே வாங்கினேன். மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் இறுக்கினேன், நின்றுவிட்டது. அந்தத் தெளிவு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது!

அப்புறம், டர்ன்டேபிளில் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருந்தால் ஃபோனோவில் வையுங்கள். லைனில் விட்டால் டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்பும் சேர்ந்துகொண்டு ஒலி இரண்டு முறை பெருகிச் சிதையும்.