எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப்: ஐசி மாற்றும் ஆசையும் அதற்கு முன் நடக்கும் தவறுகளும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவர்களிடம் இன்று மலிவு விலை எட்டு சேனல் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி) ஒன்று கட்டாயம் இருக்கும். முன்னால் எட்டு கெயின் குமிழ் (எவ்வளவு பெரிதாக்குவது என்று திருப்ப), பின்னால் எட்டு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் செருகும் மூன்று பின் வாய்), கணினிக்குப் போக ஏடாட் ஆப்டிகல் வாய் (பல சேனலை ஒரே கேபிளில் டிஜிட்டலாக அனுப்பும் வழி). கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்யப் போனால் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, முன்பாட்டு, பின்பாட்டு என்று மைக் வைத்தாலே ஆறு சேனல் போய்விடும். அதனால் இந்தப் பெட்டிகளுக்கு ஓய்வே கிடையாது. பழுதாகி வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வரும்: “அண்ணே, தொறந்ததுதான் தொறந்தாச்சு, அப்படியே நல்ல ஐசி போட்டா சவுண்டு தெளிவாயிரும்லா?”

பெரும்பாலும் ஆகாது. தவறுகள் தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

150 ஓம் மைக் ஒன்று வெறுமனே இருந்தாலே, வெப்பத்தால் அதற்குள் எழும் இரைச்சல் மைனஸ் 131 டிபியூ (டெசிபல் கணக்கில் சிக்னல் அளவு; மைனஸ் கூடக் கூட இரைச்சல் குறைவு) அளவுக்கு இருக்கும். எந்த ஐசியும் அதைக் குறைக்க முடியாது. மலிவு ப்ரீஆம்ப் ஒன்று முழு கெயினில் மைனஸ் 126 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி முழுவதையும் தங்கத்தால் இழைத்தாலும் மிச்சம் கிடைப்பது 5 டெசிபல்தான். அதிலும், இரைச்சலைத் தீர்மானிப்பது முதல் கட்டம். இந்த வகைப் பெட்டிகளில் முதல் கட்டம் பெரும்பாலும் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். நீங்கள் மாற்ற நினைக்கும் 4580 என்ற ஐசி அதற்குப் பின்னால், ஏற்கெனவே பெரிதான சிக்னலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குடத்துக்கு முன்னால் வைத்த டைனமிக் மைக்குக்குக் கெயினைப் பாதி கூடத் திருப்ப மாட்டோம். அந்த மேடையில் ஜெனரேட்டர் சத்தம்தான் பெரிய இரைச்சல்.

பலன் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை, கெடுதலும் உண்டு. 4580 ஒன்று சுமார் 6 மில்லியாம்பியர் இழுக்கும். அதற்குப் பதிலாகப் போடும் எல்எம்4562 சுமார் 10. சேனலுக்கு மூன்று வீதம் 24 ஐசி மாற்றினால் கூடுதல் சுமை 100 மில்லியாம்பியருக்குப் பக்கத்தில் வரும். ரெகுலேட்டரில் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் பாகம்) 7 வோல்ட் விழுகிறது என்றால் பிளஸ் பக்கத்தில் 0.7 வாட், மைனஸ் பக்கத்தில் 0.7 வாட் சூடு ஏறும். முன்பே கை வைக்க முடியாமல் கொதிக்கும் பெட்டி அது. அப்புறம், 4580 போன்ற 15 மெகாஹெர்ட்ஸ் ஐசிக்காகப் போட்ட போர்டில் எல்எம்4562 போன்ற 55 மெகாஹெர்ட்ஸ் ஐசியை உட்கார வைத்தால், கால் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இல்லாத இடத்தில் அது காதுக்கு எட்டாத அலைவரிசையில் தானாக ஊசலாடும். ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்க்காதவர் “புது ஐசி நல்லா சூடாகுது, ஆனா சவுண்டு செம” என்று சொல்லிக்கொண்டிருப்பார். டிஎல்072 ஐசி இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு என்இ5532 ஐசி போடுவதும் இதே ரகம். 5532-ன் உள்ளீட்டுக் கால் 200 நானோஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த வழியில் 100 கிலோஓம் இருந்தால் 20 மில்லிவோல்ட் டிசி நிற்கும். குமிழைத் திருப்பினால் கரகரப்பு.

போலி ஐசி இன்னொரு தலைவலி. பழைய மலிவு ஐசியின் மேல் எழுத்தைத் தேய்த்துவிட்டு 5532 என்றோ அதைவிட விலை கூடிய பெயரையோ அடித்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். எழுத்து கரைந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கரையவில்லை என்பதற்காக அசல் என்றும் சொல்லிவிட முடியாது. சும்மா நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து டேட்டாஷீட்டோடு ஒத்துப் பார்ப்பது கொஞ்சம் மேலான சோதனை.

சரி, பெட்டி உண்மையில் எங்கே கெடுகிறது? பவர் சப்ளையிலும் இணைப்புகளிலும்தான்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்றும் சேரும். எக்ஸ்எல்ஆர் பின்கள் கறுக்கும், ரிப்பன் கேபிள் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறும். ஒரு சேனல் செத்துவிட்டது என்று வரும் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ரிப்பன் முனையையும், எக்ஸ்எல்ஆர் போர்டில் உட்காரும் இடத்தில் ட்ரை சோல்டர் (சரியாகப் பிடிக்காத ஈயப் பற்று) விழுந்திருக்கிறதா என்பதையும்தான். கேபிளைச் செருகிச் செருகி எடுப்பதில் அந்த ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். இதற்கு டபிள்யூடி-40 அடித்துக் கொண்டுவருகிறார்கள். அதில் இருக்கும் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் போதும். களிம்புக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும்.

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும். ரேக்கில் பவர் ஆம்ப்புக்கு மேலே இடைவெளி விடாமல் இந்தப் பெட்டியைச் செருகி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றும்போது 105 டிகிரி வகையையே வாங்குங்கள். 48 வோல்ட் வரும் இடத்தில் 50 வோல்ட் கெப்பாசிட்டர் போடுவது கஞ்சத்தனம், 63 வோல்ட் போடுங்கள். மைக் உள்ளீட்டுக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் எக்ஸ்எல்ஆர் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபேன்டம் வோல்டேஜ் (கன்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட்) வருவது அங்கிருந்து. மேல்மூடி உப்பவில்லை என்பதால் கெப்பாசிட்டர் நல்லது என்று நினைப்பதும் தவறுதான். சின்ன கெப்பாசிட்டர்கள் உப்பாமலே காய்ந்துபோகும், இஎஸ்ஆர் மீட்டர்தான் (கெப்பாசிட்டரின் உள்தடையை அளப்பது) சொல்லும். “பெரிசா போட்டா பாஸ் கூடும்” என்று 2200 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 10,000 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ் கூடாது, சுவிட்ச் போட்டதும் டயோடுக்கும் ஃப்யூஸுக்கும் அடி விழும்.

ஃப்யூஸ் என்றதும் செம்புக் கம்பி ஞாபகம் வருகிறவர்கள் தயவுசெய்து இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். மேடையில் நியூட்ரல் கழன்றால் 230 வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். அன்றைக்குப் பெட்டியைத் தீப்பிடிக்காமல் காப்பது அந்தக் கண்ணாடிக் குழாய்தான். டி என்று எழுதியிருந்தால் டி வகையே (மெதுவாக அறுவது) போட வேண்டும், எஃப் (சட்டென்று அறுவது) போட்டால் சுவிட்ச் போடும்போதே போகும்.

ரெகுலேட்டரில் ஒரு பொறி இருக்கிறது, தெரிந்தவர்களே விழுவார்கள். 7815-ன் (பிளஸ் 15 வோல்ட் ரெகுலேட்டர்) முதுகுத் தகடு கிரவுண்ட். 7915-ன் (மைனஸ் 15 வோல்ட்) முதுகுத் தகடு அதன் உள்ளீடு, அதாவது ரெகுலேட் ஆகாத மைனஸ் வோல்டேஜ். பழையதைக் கழற்றும்போது மைக்கா தாளைத் தொலைத்துவிட்டுப் புதியதை அப்படியே சேசியில் (பெட்டியின் உலோகக் கூட்டில்) முடுக்கினால் நேரடி ஷார்ட். கால் வரிசையும் வேறு: 7815-ல் உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு; 7915-ல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. முடுக்கிய பிறகு தகட்டுக்கும் சேசிக்கும் நடுவே மீட்டரைப் பீப்பில் வைத்துப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) உள்ள பெட்டி என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை.

‘ம்ம்’ என்று ஹம் வருகிறது என்று பிளக்கின் எர்த் காலை வெட்டுவது நம்மூரில் பரவலான வைத்தியம். பாடுகிறவர் உதட்டில் ஷாக் அடிக்கும் வரை அது வேலை செய்வதாகத் தோன்றும். ஹம்முக்குக் காரணம் பல பெட்டிகளில் எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் பின் சேசிக்குப் போகாமல் போர்டின் சிக்னல் கிரவுண்டுக்குப் போவது. ஆடியோ பொறியாளர் நீல் மன்சி 1995-இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார். 1-ஆம் பின்னிலிருந்து தடித்த குட்டை ஒயர் ஒன்றைச் சேசிக்கு இழுத்து, திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் போதும். என்னைக் கேட்டால், மலிவுப் பெட்டியில் செய்யத் தகுந்த முதல் மாற்றம் இதுதான். ஒரு பைசா ஐசி வேண்டாம்.

கெயின் குமிழ் கரகரப்புக்கு உடனே குமிழின் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டரை) மாற்றுகிறார்கள். முதலில் ஃபேன்டமை அணைத்துப் பாருங்கள். அணைத்தால் கரகரப்பு நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி குமிழ் அல்ல. உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் கசிகிறது. எப்போதும் வந்தால் குமிழோடு தொடராக இருக்கும் கெப்பாசிட்டரையும் சந்தேகப்படுங்கள். குமிழையே மாற்ற வேண்டி வந்தால் அது ரிவர்ஸ் லாக் வகையா (திருப்பத் திருப்பத் தடை மாறும் விதம் சாதாரண லாக்குக்குத் தலைகீழ்) என்று பாருங்கள். சாதாரண லாக் பாட் போட்டால் கெயின் முழுவதும் கடைசிக் கால் திருப்பில் வந்து குவியும்.

ஈயம் எடுக்கும்போது பொறுமை இல்லாமல் போர்டின் செம்புத் தடத்தையே உரித்துவிடுவார்கள். இப்போது வரும் பெட்டிகளில் காரீயம் இல்லாத ஈயம். 217 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். பழைய 63/37 ஈயம் 183-லேயே உருகும். அதைக் கொஞ்சம் மேலே சேர்த்துக் கலந்தால் சுலபமாக இளகும். ஐசியைக் காப்பாற்ற நினைக்காமல் காலை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் போர்டு பிழைக்கும்.

‘டிக் டிக்’ என்று சீராக இல்லாமல் சத்தம் வந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம். கிளாக் (டிஜிட்டல் பெட்டிகள் ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போக வைப்பது) அமைப்பைப் பாருங்கள். கணினி இன்டர்ஃபேசும் ப்ரீஆம்பும் இரண்டும் மாஸ்டராக நின்றால் இப்படித்தான் வரும். 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு “நாலு சேனல் காணோம்” என்று கொண்டுவருபவர்களும் உண்டு. ஒரு ஏடாட் கேபிளில் 48-க்கு எட்டு, 96-க்கு நாலுதான்.

வேலை முடிந்ததும் ஃபேன்டமை ஆன் செய்து, ஒவ்வொரு எக்ஸ்எல்ஆரிலும் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 44-லிருந்து 52-க்குள் இருக்க வேண்டும். பிறகு மீட்டரை மில்லியாம்பியரில் வைத்து அதே இடங்களில் அளந்தால் தலா 7-க்குப் பக்கத்தில் வரும். 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரிந்தால் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று விலகிவிட்டது. அந்த ஜோடி ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும், பெட்டியில் கையில் சிக்கிய 5 சதவீத ரெசிஸ்டர் ஆகாது. அதன் பிறகு மூடியைப் போட்டு, எட்டு மைக்கும் செருகி, இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மூடியில்லாமல் மேசையில் நன்றாக ஓடிய பெட்டி, ரேக்கில் ஏறிய அன்று ராத்திரியே திரும்பி வரும்.