சைஃபன்: குழாய் உறிஞ்சுவதில்லை, நீர் இறங்குகிறது

ஒரு தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறி, வெளியே தாழ்வான இடத்தில் முடியும் குழாயின் வழியாக நீர் தானாகவே வடிவதைத்தான் சைஃபன் என்கிறோம். குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் இதை விளக்கும்போது பலரும் ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் நேரும் தவறுகளில் பாதி அந்த ஒரு வினைச்சொல்லில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். உறிஞ்சுவது குழாயை நிரப்புவதற்கு மட்டுமே உதவும். நிரம்பிய பிறகு நீரை ஓட வைப்பது இரு பக்கத்து மட்ட வேறுபாடும் புவியீர்ப்பும்தான்.

வெளிமுனை தொட்டிக்கு வெளியே தொங்கினாலே போதும் என்று எண்ணுவது முதல் தவறு. அந்த முனை, தொட்டியிலுள்ள நீரின் மேற்பரப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முனை வாளி நீருக்குள் மூழ்கியிருந்தாலோ, கணக்கில் வருவது முனையல்ல, வாளி நீரின் மேற்பரப்பு. மீன் தொட்டியை முதன்முறை சுத்தம் செய்தபோது வாளியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, குழாயை அதன் அடிவரை விட்டிருந்தேன். தொட்டியில் நீர் நிறைய இருக்கும்போதே ஓட்டம் மெலிந்து நின்றது. அடைப்பு என்று நினைத்துக் குழாயைக் கழுவி, மறுபடியும் நிரப்பிப் பார்த்தேன்; மறுபடியும் நின்றது. குனிந்து பார்த்தபோதுதான் தொட்டியின் நீர்மட்டமும் வாளியின் நீர்மட்டமும் ஒரே கோட்டில் இருப்பது தெரிந்தது. வாளியைத் தரையில் இறக்கி வைத்ததும் நீர் மறுபடி ஓடத் தொடங்கியது. மட்ட வேறுபாட்டை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகிவிடாது. உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் 1 மீட்டர் வேறுபாட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகம் கிடைக்கும், அதை இரட்டிப்பாக்க 4 மீட்டர் வேண்டும்.

காற்றழுத்தம்தான் நீரைத் தள்ளுகிறது என்பது அகராதியிலேயே ஏறிவிட்ட தவறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 1911 முதல் இருந்துவந்த அந்த விளக்கத்தை, ஆஸ்திரேலிய இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹியூஸ் 2010-இல் சுட்டிக்காட்டினார். அதற்காகக் காற்றழுத்தத்துக்கு வேலையே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. குழாயின் உச்சியில் நீர்த்தொடர் அறுந்துவிடாமல் காப்பது வழக்கமாக அதுதான். ஆகவேதான் கடல் மட்டத்தில் சாதாரண நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு மேல் சைஃபனால் ஏற்ற முடிவதில்லை, பாதரசத்துக்கு எல்லை சுமார் 76 சென்டிமீட்டர்தான். உச்சியில் ஓட்டை இருந்தால் அங்கே நீர் சொட்டும் என்று தேடுவதும் வீண். ஓடும் சைஃபனின் உச்சியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் நீர் வெளியே வராது. காற்று உள்ளே புகுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும்.

பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். சிறிதளவு புரையேறி நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி உண்டாகும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்தைத் திரும்ப வரவழைப்பதுதான். கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். நீருக்குக்கூட வாய் தேவையில்லை: குழாய் முழுவதையும் நீருக்குள் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி வெளியே தாழ்த்திவிட்டு விரலை எடுத்தால் போதும்.

நாம் கேட்காமலேயே உருவாகும் சைஃபன்களும் வீட்டில் உண்டு. பூச்சிமருந்து கலந்த வாளிக்குள் தோட்டக்குழாயின் முனையை மூழ்கவிட்டுத் தண்ணீர் பிடிக்கும்போது விநியோகக் குழாயில் அழுத்தம் விழுந்தால், அந்தக் கலவை குடிநீர்க் குழாய்க்கே திரும்பிப் போகலாம். முனைக்கும் வாளி நீருக்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்க வேண்டும். வாஷிங் மெஷினின் கழிவுக்குழாயைத் தரையில் கிடத்திவிட்டால் பிடிக்கிற நீர் பிடிக்கப் பிடிக்க வடிந்துபோகும். பழுது இயந்திரத்தில் அல்ல, குழாயின் உயரத்தில்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் இடங்களும் சில இருக்கின்றன. சோடா சைஃபனில் வேலை செய்வது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம். சைஃபன் காபிக் குடுவையில் நீராவி நீரை மேலே தள்ளுகிறது, குடுவை ஆறும்போது உண்டாகும் குறையழுத்தத்தால் காபி கீழே இறங்குகிறது. பிரான்சின் லியோன் நகருக்கு நீர் கொண்டுவந்த ரோமானியக் கால்வாய்களில் பள்ளத்தாக்குகளைக் கடந்த ‘தலைகீழ் சைஃபன்’ உண்மையில் கீழ்நோக்கி வளைந்த அழுத்தக் குழாய்தான். அதை முதலில் உறிஞ்சித் தொடங்கவும் வேண்டியதில்லை, அதன் வளைவில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போவதுமில்லை; நீர்தான் வெளியே பீறிடும்.