இரண்டே நிறம், ஒன்பது ஓவியர்கள்: கறுப்பு வெள்ளைக் கண்காட்சிக்குப் படம் மாட்டுவது எப்படி?

கறுப்பு வெள்ளைதானே, நிறத்துக்கு நிறம் அடித்துக்கொள்ளாது, பாதி வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் என் முதல் குழுக் கண்காட்சியை ஒத்துக்கொண்டேன். ஒன்பது ஓவியர்கள், முப்பத்திரண்டு படங்கள். ஆறு மணிக்குத் திறப்பு. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். பெரிய படம் நடுவில், சின்னவை ஓரத்தில் என்று அளவு பார்த்து மாட்டியதுதான் தப்பு. ஓரத்திலிருந்த ஒரு சாண் லினோகட் (லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவி அச்சிட்ட படம்), நடுவிலிருந்த நாலடிப் பென்சில் படத்தை விழுங்கிவிட்டது.

அதனால் ஆணியைத் தொடுமுன் படங்களின் கனத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்குங்கள். முகம், மரம், வீடு எல்லாம் மறைந்து கறுப்புத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். எது முதலில் இழுக்கிறதோ அதுதான் கனமான படம், அளவு எதுவானாலும் சரி. சீசாவில் குண்டுப் பையன் நடுவுக்கு நெருங்கி உட்காருவானே, அதே கணக்கு: அடர்ந்த சின்னப் படம் சுவரின் நடுவுக்குக் கிட்டே, வெளிறிய பெரிய படம் எதிர்ப்பக்கம் தள்ளி. இரண்டு கனமான படங்களை ஒட்டி வைக்காதீர்கள். நடுவே மூன்றடியாவது வெறும் சுவர் இருக்கட்டும். வெற்றிடம் எவ்வளவு வேலை செய்யும் என்று சந்தேகமிருந்தால், காந்தி நூற்றாண்டான 1969இல் ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். கோடு போடாத இடமும் உடம்பாக நிற்கும்.

அடுத்த தலைவலி வெள்ளை. போட்டோ தாள் நீலம் பாய்ந்த வெள்ளை, பழைய கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த ஓவியத் தாள்) மஞ்சள், கையால் செய்த தாள் லேசான சாம்பல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் தாள் துவைக்காத வேட்டிபோலத் தெரியும். ஒன்பது பேருக்கும் ஒரே மவுன்ட் அட்டை, அதாவது சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை, கொடுத்தால் பாதி சரியாகும். மீதியை விளக்கில் சரிசெய்யலாம். எல்லா விளக்கும் ஒரே வகையாக இருக்கட்டும், ஒன்று மஞ்சள் ஒன்று நீலம் வேண்டாம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால் கண்ணாடியில் பளிச்சிடுவது பெரும்பாலும் குறையும். பென்சில் படத்துக்கு மட்டும் நின்று பார்த்துத் திருப்புங்கள். கரியும் மையும் ஒளியைக் குடிக்கும். பென்சில் ஈயம்போல மினுக்கும்.

கரி ஓவியத்துக்கு அக்ரிலிக் ஷீட் போடவே போடாதீர்கள், கண்ணாடிதான். ஒருமுறை படத்துக்குச் சட்டம் போடுபவர் எடை குறையட்டும் என்று அக்ரிலிக் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் வேறு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். அந்த உராய்வில் ஏறிய மின்னூட்டம் கரித்தூளை இழுத்துக்கொண்டது. படத்திலிருந்த பாட்டியின் இடது புருவம் ஷீட்டின் உட்பக்கத்தில் இருந்தது. வரைந்த பெண் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாட்டும் உயரம் வெறும் கணக்கு. எல்லாப் படங்களின் மையமும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் வரட்டும். சட்டம் 24 அங்குல உயரம் என்றால் பாதி 12. பின்னாலுள்ள கம்பியை விரலால் மேலே இழுங்கள். மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நின்றால், 58+12-3, ஆணி 67இல். டேப்பைத் தரையிலிருந்தே பிடியுங்கள், மேற்கூரையை நம்பாதீர்கள்.

வாசலுக்கு நேரான சுவர் யாருக்கு என்ற பஞ்சாயத்து கட்டாயம் வரும். மூத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். நான் தூரத்திலிருந்து படிக்க முடிகிற படத்துக்குக் கொடுப்பேன், திட்டும் வாங்குவேன். மாட்டி முடிக்கும்வரை ஓவியர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்கார வையுங்கள்.

திறப்பன்று யாராவது ஒருவர் வெறும் சுவரைக் காட்டி, “இங்கே இருந்த படம் விழுந்துடுச்சா சார்?” என்று கேட்பார். இடம் மாற்றியதில் மிஞ்சிய ஆணித்துளை அங்கே இருந்தால் அவர் கேட்டது நியாயம். பட்டி பூசிக் காயவிட்டு, அதே பெயின்டை ஒரு தொடு தொட்டுவிடுங்கள்.