தஹாபில் டைவ் அடித்த இரவே மலை ஏறாதீர்கள்

இந்த முறை எகிப்தின் சினாய்க் கடற்கரை ஊரான தஹாபில், பக்கத்து மேசையில் இரண்டு பையன்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று நின்றுவிட்டது, விண்ட்சர்ஃபிங் (பாய்மரப் பலகைச் சவாரி) இல்லை. அதனால் பகலில் ப்ளூ ஹோல் என்ற ஆழமான கடல் குழியில் ஸ்கூபா டைவ், இரவு வேன் ஏறி சினாய் மலை, உச்சியில் சூரிய உதயம். எழுந்து போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இங்கே வருகிறவர்கள் செய்யும் இந்த மாதிரித் தவறுகளைத்தான் எழுதுகிறேன்; தொப்பி, சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை.

டைவும் மலையும் ஒரே நாளில்

அதே திட்டத்தை முதல் பயணத்தில் நானும் போட்டேன். பகலில் இரண்டு டைவ், இரவில் மலை. பாதி ஏறும்போதே இடது முழங்கையில் வலி. பை தூக்கியதால் என்று நினைத்துக் கையை மாற்றிக்கொண்டேன். உச்சியில் எல்லோரும் சூரியனைப் படமெடுக்க, நான் மரத்துப்போன விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மாலை, காற்றழுத்தத்தைக் கூட்டி சிகிச்சை தரும் அழுத்த அறையில் படுத்திருந்தேன். அப்புறம் நான்கு நாள் அருமையான காற்று. கரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழாகிவிடும். சினாய் மலை 2,285 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். விமானக் கேபினுக்குள் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். விமானத்துக்கு முன் டைவ் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், மலை மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அடிவாரத்து செயின்ட் கேத்தரின் மடாலயமே 1,500 மீட்டருக்கு மேல், ஆக ‘ஏறமாட்டேன், மடாலயம் மட்டும்’ என்பதும் சமாதானமாகாது.

ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 என்பது விமானத்துக்கான வழிகாட்டுதல். நான் 24 வைத்துக்கொள்கிறேன். எரிச்சல் எங்கே என்றால், டைவும் மலையும் ஒரே மேசையில் விற்கிறார்கள். கடைசியாக எப்போது தண்ணீருக்குள் இறங்கினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. மலையை முதலில் முடியுங்கள், சரியா?

லகூனை நம்புவது

லகூன் என்பது மணல் திட்டுக்கு உள்ளே அடங்கிய கடல். அந்தத் திட்டு அலையைத்தான் தடுக்கும், காற்றை அல்ல. உள்ளே தண்ணீர் தட்டு மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தில் வெளியே போனால், வடக்கிலிருந்து இறங்கும் காற்று உங்களைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவராது. எதிர்க்கரை சவூதி. விழுந்தால் பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். பலகை மிதக்கும், மீட்புப் படகுக்குத் தூரத்திலேயே தெரியும். தலை தெரியாது.

பவளத்தில் வெறுங்கால்

கூடாது. கடல் முள்ளெலி காத்திருக்கிறது.

பாலைவனம்தானே, வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) எதற்கு?

ஜனவரியில் ஈரச் சட்டையோடு அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

சினாய் முத்திரை

தெற்கு சினாய்க்குள் மட்டும் செல்லுபடியாகும் நுழைவு முத்திரை இது. ஷர்ம் எல் ஷேக் விமான நிலையத்தில் 15 நாளுக்கு இலவசமாகக் குத்துவார்கள், ஆனால் எல்லா நாட்டு பாஸ்போர்ட்டுக்கும் இல்லை. கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் கெய்ரோ போய்ச் சேர முடியாது. வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள்.